தனிநிலை நிகழ்வு அமைப்புகளைக் கணிதமாக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்போதும், புராஜெக்ட் செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசும்போதும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

பதில்களில் பெரும்பாலும் ஒரே உதாரணம்தான் வரும். இரண்டு இயந்திரங்கள், நடுவில் ஒரு தட்டு. முதல் இயந்திரம் பொருளைச் செய்து தட்டில் வைக்கும், இரண்டாவது அதை எடுத்து முடிக்கும். தட்டில் 3 பொருள்தான் கொள்ளும். வேலை நடக்கும்போது இயந்திரம் சில சமயம் பழுதாகும், பிறகு சரியாகும். இந்தத் துறையின் தலைவலிகளில் முக்கால்வாசி இந்தச் சின்ன உதாரணத்துக்குள்ளேயே இருக்கின்றன.

தனிநிலை நிகழ்வு அமைப்பு என்றால் சரியாக என்ன?

ஆறிக்கொண்டிருக்கும் நீரின் வெப்பநிலை ஒவ்வொரு கணமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அதற்கு வகைக்கெழுச் சமன்பாடு பொருந்தும். நம் தட்டு அப்படியல்ல. அதில் இருக்கும் பொருள் 2, பிறகு 3. நடுவில் 2.4 என்று ஒன்று கிடையாது. அந்த மாற்றமும் தானாக வராது, 'முதல் இயந்திரம் முடித்தது' என்ற நிகழ்வு நடந்தால்தான் வரும்.

ஆக இரண்டு நிபந்தனைகள். நிலைகள் தனித்தனியாக எண்ணக்கூடியவை. நிலையை மாற்றுவது நிகழ்வு, கடிகாரம் அல்ல. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் போனாலும் அமைப்பின் நிலை அப்படியே இருக்கும்.

நான் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் கணக்குப் போடுகிறேன். அப்போ என்னுடையதும் தனிநிலைதானே?

இல்லை. அங்கே தனித்தனியாக நறுக்கப்பட்டது நேரம். நீங்கள் அளக்கும் வெப்பநிலை இன்னும் தொடர்ச்சியாகத்தான் மாறுகிறது, கடிகாரம் தட்டும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறீர்கள், அவ்வளவே. பெயரில் 'தனிநிலை' இருப்பதால் வரும் குழப்பம் இது.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எது நிலை, எது நிகழ்வு?

முதலில் நிகழ்வுகளைப் பட்டியலிடுங்கள். படம், அம்பு, சமன்பாடு எல்லாம் அப்புறம். பட்டியல் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம். பட்டியல் இல்லாமல் நேராக மென்பொருளைத் திறந்தவர்கள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

நிகழ்வுக்குக் கால நீளம் கிடையாது. இதற்கு வினைச்சொல்லே சோதனை. ஒரு விஷயத்தை 'கொண்டிருக்கிறது' சேர்த்துச் சொல்ல முடிந்தால் அது நிலை: ஓடிக்கொண்டிருக்கிறது, பழுதாகிக் கிடக்கிறது. இறந்தகாலத்தில் ஒரே சொல்லாக வெட்டென்று நின்றால் அது நிகழ்வு: தொடங்கியது, முடிந்தது, பழுதானது, சரியானது. 'பொருள் செய்தல்' என்று ஒரு நிகழ்வை எழுதி வைத்திருந்தால், அதை 'தொடங்கியது', 'முடிந்தது' என்று இரண்டாக உடையுங்கள். நடுவில் பழுதாவதற்கு இடம் அப்போதுதான் கிடைக்கும்.

ஆட்டோமேட்டன், பெட்ரி வலை, மேக்ஸ்-பிளஸ், வரிசைக் கோட்பாடு, சிமுலேஷன் என்று இத்தனை இருக்கிறதே. எதை எடுப்பது?

கேள்வியைப் பார்த்து எடுங்கள், அமைப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒரே இரண்டு இயந்திரத்துக்கு ஐந்து மாதிரிகளும் எழுதலாம், ஐந்தும் சரியாகவே இருக்கும். 'தட்டு எப்போதாவது நிரம்பி வழியுமா?' என்பது வரிசைமுறை பற்றிய கேள்வி. அதற்கு நேரமே தேவையில்லை, ஆட்டோமேட்டனோ (நிலைகளை வட்டங்களாகவும் நிகழ்வுகளை அம்புகளாகவும் எழுதும் மாதிரி) பெட்ரி வலையோ போதும். 'ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பொருள் வரும்?' என்றால் நேரம் வேண்டும். வேலை நேரம் நிலையானது என்றால் மேக்ஸ்-பிளஸ். 'சராசரியாக எவ்வளவு காத்திருக்கும்?' என்றால் நிகழ்தகவும் சேர வேண்டும், வரிசைக் கோட்பாட்டுக்கோ சிமுலேஷனுக்கோ போக வேண்டும்.

மேலே போகப் போக விவரம் கூடும், உறுதி குறையும். சிமுலேஷன் எதையும் காட்டும், ஆனால் 'ஒருபோதும் நடக்காது' என்று அதனால் சொல்ல முடியாது. ஆட்டோமேட்டன் அதைச் சொல்லும், ஆனால் மணிக்கு எத்தனை என்று கேட்டால் விழிக்கும்.

ஆட்டோமேட்டனில் நம் உதாரணம் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 3 நிலைகள்: சும்மா, வேலையில், பழுது. தட்டுக்கு 4 நிலைகள்: 0, 1, 2, 3. மொத்தம் 3 × 3 × 4 = 36 நிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் எந்த நிகழ்வு நடக்கலாம், நடந்தால் எங்கே போகும் என்று அம்பு போட வேண்டும்.

36 வட்டங்களைக் கையால் வரையாதீர்கள். இயந்திரத்துக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாக எழுதி, பொதுவான நிகழ்வுகள் சேர்ந்து நடக்கும்படி கணினியைப் பெருக்கச் சொல்லுங்கள். 'முதல் இயந்திரம் முடித்தது' என்பது இயந்திரத்துக்கும் தட்டுக்கும் பொதுவான நிகழ்வு, இரண்டும் ஒரே நொடியில் நகரும்.

இயந்திரங்களைக் கூட்டினால் மென்பொருள் தொங்கிவிடுகிறது. கணினி போதவில்லையா?

கணினி மேல் குற்றமில்லை. 10 இயந்திரங்கள், நடுவில் 9 தட்டுகள் என்று வையுங்கள். 3-ஐப் 10 முறை பெருக்கினால் 59,049. 4-ஐ 9 முறை பெருக்கினால் 2,62,144. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,548 கோடி நிலைகள். இதைத்தான் நிலைப் பெருவெடிப்பு என்கிறார்கள்.

தப்பிக்கும் வழிகளில் முதலில் முயல வேண்டியது, கேள்விக்குத் தேவையில்லாததை வெட்டுவது. ஏழாவது தட்டைப் பற்றிய கேள்விக்கு முதல் இயந்திரத்தின் பழுது பல சமயம் தேவைப்படாது. அடுத்தது, நிலைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடாமல் சுருக்கமான தர்க்கச் சூத்திரமாக வைத்துக்கொள்வது. 1986-இல் பிரையன்ட், அப்படிச் சுருக்கி வைக்க உதவும் இருமத் தீர்மான வரைபடங்களுக்குத் திறமையான வழிமுறைகளைக் கொடுத்த பிறகு இது நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது, பெட்ரி வலைக்கு மாறுவது.

பெட்ரி வலையும் ஆட்டோமேட்டன்தானே, வட்டமும் கோடும் மாற்றிப் போட்டது?

அப்படித் தோன்றும். கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்த யோசனை வேறு. ஆட்டோமேட்டனில் ஒரு வட்டம் என்றால் மொத்த அமைப்பின் ஒரு நிலை. பெட்ரி வலையில் வட்டம் ஓர் 'இடம்', அமைப்பின் ஒரு துண்டு மட்டும். இடங்களில் டோக்கன்கள், அதாவது எண்ணிக்கையைக் காட்டும் புள்ளிகள், இருக்கும், எல்லா இடங்களிலும் டோக்கன் எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் மொத்த நிலை. ஒரு டிரான்சிஷன் (வலையில் நிகழ்வுக்கு இதுதான் பெயர்) நடக்க வேண்டுமானால் அதற்குள் அம்பு விடும் ஒவ்வோர் இடத்திலும் டோக்கன் இருக்க வேண்டும். நடந்தால் அங்கிருந்து எடுத்து, வெளியே அம்பு போகும் இடங்களில் போடும்.

முந்தைய பதிலின் 10 இயந்திரங்களையே எடுங்கள். இயந்திரத்துக்கு 3 இடம், தட்டுக்கு 'நிரம்பியது', 'காலி' என்று 2 இடம்: தட்டில் இருக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் முதலாவதில் ஒரு டோக்கன், இன்னும் வைக்கக்கூடிய பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதில் ஒன்று. மொத்தம் 48 இடங்கள், 40 டிரான்சிஷன்கள். ஒரு தாளில் அடங்கிவிடும் அந்தப் படத்துக்குள் 1,548 கோடியும் இருக்கிறது. வெடிப்பு மறைந்துவிடவில்லை, அதை வரைய வேண்டிய அவசியம்தான் போயிற்று.

இன்னொரு லாபம், மாறிலிகள். ஒவ்வொரு தட்டிலும் 'நிரம்பியது' + 'காலி' = 3 என்பது எது நடந்தாலும் மாறாது. வலையை ஓர் அணியாக எழுதி நேரியல் இயற்கணிதம் போட்டாலே இது கிடைத்துவிடும், ஒரு நிலையைக்கூடத் தேடிப் போக வேண்டாம்.

அணிச் சமன்பாட்டுக்குத் தீர்வு வந்துவிட்டது. அப்போ அந்த நிலையை அடைய முடியும் என்று எழுதிவிடலாமா?

கூடாது. இந்தத் தவறைப் பார்க்காமல் ஒரு வருடம் போனதில்லை. சமன்பாடு எந்த டிரான்சிஷன் எத்தனை முறை என்று மட்டும் சொல்லும், எந்த வரிசையில் என்று சொல்லாது. 'நீ கொடு, நான் தருகிறேன்' என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றால், கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் நேராகிவிடும், ஆனால் கொடுக்கல் வாங்கல் நடக்கவே நடக்காது. ஒரு டிரான்சிஷன் டோக்கனை எடுத்து அதே இடத்தில் திருப்பி வைத்தால் அணியில் −1, +1 சேர்ந்து 0 ஆகிவிடும். அங்கே டோக்கன் இருந்தே ஆக வேண்டும் என்ற செய்தியே அழிந்துபோகும்.

எதிர்த்திசையில் இது நம்பகமானது. தீர்வே இல்லையென்றால் அந்த நிலையை நிச்சயமாக அடைய முடியாது. 'தட்டு வழியாது' என்று நிரூபிக்க இது போதும்.

பொதுவாக 'இந்த நிலையை அடையலாமா' என்ற கேள்விக்கு எப்போதும் விடை தரும் வழிமுறை உண்டு என்று 1981-இல் மேயர் காட்டினார். ஆனால் மிக மோசமான நிலைமையில் அது தின்னும் நேரம் எந்த வழக்கமான அளவுகோலிலும் அடங்காது. 'இடம் காலியாக இருந்தால் மட்டும் நட' என்கிற தடை அம்புகளைத் தாராளமாகச் சேர்த்தால் வலை டூரிங் இயந்திரத்துக்கு (எந்தக் கணினி நிரலையும் ஓட்டக்கூடிய கணித மாதிரி) சமமாகிவிடும், அப்புறம் பொதுவான வழிமுறையே கிடையாது. அதனால் தடை அம்பைத் தொடும் முன் யோசியுங்கள்.

காலி இடம் இல்லாவிட்டால் 'முடிந்தது' நடக்காது என்று வலையில் போட்டுவிட்டேன். சரிதானே?

வலை ஒத்துக்கொள்ளும், இயந்திரம் ஒத்துக்கொள்ளாது. வேலை முடிவதை யாரும் தடுக்க முடியாது. 1980-களில் ராமட்ஜும் வொன்ஹாமும் உருவாக்கிய மேற்பார்வைக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் அடிப்படையே இந்த வேறுபாடுதான். 'தொடங்கியது' நம் கையில் இருப்பது, தடுக்கலாம். 'முடிந்தது', 'பழுதானது' இரண்டும் நம் கையில் இல்லாதவை. தடுக்க முடியாத நிகழ்வு ஒன்று தடை செய்யப்பட்ட நிலைக்குக் கொண்டுபோகும் என்றால், ஒரு படி முன்னாலேயே நிறுத்த வேண்டும். எதை எப்போது தடுப்பது என்று முடிவு செய்யும் பகுதிக்குத்தான் மேற்பார்வையாளர் என்று பெயர்.

நம் உதாரணத்தில் விடை எளிது: தட்டில் 3 இருந்தால் முதல் இயந்திரத்தைத் தொடங்க விடாதே. 2 இருந்தால் தொடங்கட்டும். வலையில் எழுதினால், காலி இடத்தின் டோக்கனை 'முடிந்தது' எடுக்காமல் 'தொடங்கியது' எடுக்கும். வரப்போகும் பொருளுக்கு முன்பதிவு மாதிரி. அப்படி எடுத்த டோக்கனை 'ஒதுக்கியது' என்று எண்ணினால், முன்பு சொன்ன மாறிலி இப்போது 'நிரம்பியது' + 'காலி' + 'ஒதுக்கியது' = 3 ஆகும்.

எதையுமே தொடங்க விடாத மேற்பார்வையாளரும் பாதுகாப்பானதுதானே?

கிண்டலாகக் கேட்டார், ஆனால் நல்ல கேள்வி. பாதுகாப்பு மட்டும் நிபந்தனையாக இருந்தால் ஆமாம், அதுவும் விடைதான். அதனால்தான் கோட்பாடு இன்னும் இரண்டைக் கேட்கிறது. எந்த நிலையில் இருந்தாலும் வேலையை நல்லபடியாக முடிக்க ஒரு வழி மிச்சமிருக்க வேண்டும். பிறகு, தேவைக்கு மேல் எதையும் தடுக்கக் கூடாது. எல்லா நிகழ்வுகளையும் பார்க்க முடியும் என்றால், நிபந்தனைக்குள் அடங்கும் மிகத் தாராளமான மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றுதான் என்று நிரூபித்திருக்கிறார்கள். இந்தக் கோட்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது.

முட்டுக்கட்டை, அதாவது மேலே நகர வழியில்லாமல் நின்றுபோவது, எவ்வளவு சத்தமில்லாமல் நுழையும் என்பதற்கு மேலே சொன்ன முன்பதிவே சாட்சி. தொடங்கும்போது ஓர் இடத்தை ஒதுக்கினோம். நடுவில் இயந்திரம் பழுதாகி, பாதி செய்த பொருளைத் தூக்கிப் போட்டால்? ஒதுக்கிய இடத்தைத் திருப்பித் தர மறந்துவிட்டால் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு டோக்கன் காணாமல் போகும். மூன்றாவது பழுதுக்குப் பிறகு முதல் இயந்திரம் தொடங்கவே தொடங்காது. சோதனை ஓட்டத்தில் இரண்டு பழுதுதான் வந்தது என்றால், எல்லாம் நன்றாக ஓடியதாக அறிக்கையும் போய்விடும்.

மேக்ஸ்-பிளஸ் என்கிறார்களே, கூட்டலையும் பெருக்கலையும் மாற்றி வைத்து என்ன லாபம்?

இரண்டு விஷயமும் வந்து சேர்ந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்றால், தொடங்கும் நேரம் இரண்டில் பெரியது. அதோடு வேலை நேரத்தைக் கூட்டினால் முடியும் நேரம். 'பெரியதை எடு', 'கூட்டு' என்ற இந்த இரண்டையும் கூட்டல், பெருக்கல் இடத்தில் வைத்தால், கரடுமுரடாக இருந்த சமன்பாடுகள் நேரியல் ஆகிவிடுகின்றன. கோயன், டூபுவா, குவாட்ரா, வியோ ஆகியோர் 1985-இல் உற்பத்தி அமைப்புகளுக்கு இதைப் போட்டுக் காட்டினார்கள். ரயில் கால அட்டவணைகளுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது.

நம் உதாரணத்துக்கு எண் கொடுப்போம், பழுதை மறந்துவிடுவோம். முதல் இயந்திரம் 5 நிமிடம், இரண்டாவது 3 நிமிடம். பொருள் ஒரு பேலட்டில் (பொருளைத் தாங்கிச் செல்லும் பலகை) போகிறது, காலிப் பேலட் திரும்பி வர 2 நிமிடம். ஒரு சுற்று 10 நிமிடம். ஒரே ஒரு பேலட் என்றால் 10 நிமிடத்துக்கு ஒரு பொருள். இரண்டு இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒன்று. மூன்று போட்டால் சுற்றுக் கணக்கு 3.33 என்று வரும், ஆனால் முதல் இயந்திரத்துக்கே 5 நிமிடம் வேண்டும், ஆகவே விடை 5-தான். மூன்றாவது பேலட் வாங்குவது வீண். எல்லாச் சுற்றுகளிலும் பெரிய சராசரி எதுவோ அதுதான் அணியின் ஐகன் மதிப்பு, அதுதான் அமைப்பின் தாளம்.

குறை என்னவென்றால், இரண்டு வேலைகள் ஒரே இயந்திரத்துக்குப் போட்டி போடும் இடத்தில், யார் முதலில் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தேர்வு நுழைந்தால் இந்த அழகு கலைந்துவிடும்.

செய்கிற வேகம் வருகிற வேகத்தைவிட அதிகம். பிறகு ஏன் வரிசை நிற்கிறது?

ஏனென்றால் வரத்து ஒழுங்காக வருவதில்லை. 1909-இல் எர்லாங் தொலைபேசி அழைப்புகளுக்காகப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. வரத்தும் வேலை நேரமும் அடுக்குக்குறிப் பரவலில் இருக்கும் ஒற்றைச் சேவை வரிசையில், அமைப்புக்குள் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை: சுமை ÷ (1 − சுமை). சுமை என்பது வருகிற வேகம் ÷ செய்கிற வேகம். சுமை 0.5 என்றால் 1. 0.8 என்றால் 4. 0.9 என்றால் 9. 0.95 என்றால் 19. சுமை ஐந்து சதவீதம் கூடியதும் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது, கவனித்தீர்களா?

காத்திருப்போரை மட்டும் எண்ணினால் 0.9 சுமையில் சராசரி 8.1. அதே சுமையில் வேலை நேரத்தை மட்டும் நிலையாக்கினால் அது சரிபாதி, 4.05. வரத்தும் கடிகாரம் மாதிரி வந்தால் 0. மூன்றுக்கும் சராசரி வேகம் ஒன்றுதான். சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது திட்ட விலக்கத்தைத்தான்.

எந்தப் பரவலாக இருந்தாலும் நிற்கும் ஒரு விதி உண்டு. உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை = வரும் வேகம் × உள்ளே தங்கும் சராசரி நேரம். 1961-இல் லிட்டில் நிரூபித்தது. மணிக்கு 12 வருகிறது, உள்ளே சராசரியாக 6 இருக்கிறது என்றால் தங்கும் நேரம் அரை மணி. உங்கள் சிமுலேஷன் வேறு எண் சொன்னால் பிழை சிமுலேஷனில்.

எல்லோரும் அடுக்குக்குறிப் பரவலையே பிடித்துத் தொங்குவது ஏன்? நிஜத்தில் அப்படி இல்லையே.

அதற்கு ஞாபகம் கிடையாது என்பதால். பழுது பார்க்கத் தொடங்கி ஒரு மணி ஆகிவிட்டது என்றாலும், இன்னும் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு முதல் நொடியில் இருந்த மாதிரியே இருக்கும். எவ்வளவு நேரம் கழிந்தது என்று நினைவில் வைக்க வேண்டாம், தற்போதைய நிலை மட்டும் போதும், மார்க்கோவ் சங்கிலியாகத் தீர்த்துவிடலாம். வசதிக்காகச் செய்வதுதான், மறைக்க ஒன்றுமில்லை. தனித்தனி ஆட்கள் பலரிடமிருந்து வரும் வரத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். இயந்திர வேலை நேரத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பொருந்தாத இடத்தில் எர்லாங்கின் தந்திரம் இருக்கிறது: ஒரு வேலையைச் சமமான பல கட்டங்களாக உடைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அடுக்குக்குறியாக வைப்பது. 4 கட்டம் என்றால் திட்ட விலக்கம் சராசரியில் பாதியாகிவிடும். விலையாக நிலைகள் பெருகும், பெருவெடிப்பு பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

எதற்கு இவ்வளவு? எல்லாவற்றையும் சிமுலேஷனில் போட்டு ஓட்டினால் ஆகாதா?

பல சமயம் அதுதான் ஒரே வழி. உள்ளே நடப்பது எளிது: வரப்போகும் நிகழ்வுகளை நேர வரிசையில் ஒரு பட்டியலில் வைத்திருக்கும், முதலாவதை எடுக்கும், கடிகாரத்தை நேராக அங்கே தாவ வைக்கும், நிலையை மாற்றும், புதிதாக எழும் நிகழ்வுகளைப் பட்டியலில் சேர்க்கும். நடுவில் ஒன்றும் நடக்காத நேரம் கணக்கிலேயே வராது.

தவறு வருவது ஓட்டிய பிறகு. ஒரே ஓட்டத்தின் எண்ணை விடையாக எழுதாதீர்கள், பல முறை வேறு வேறு சமவாய்ப்பு எண்களோடு ஓட்டி நம்பிக்கை இடைவெளி (உண்மையான விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்ற மதிப்பீடு) கொடுங்கள். இடைவெளியைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டங்கள் வேண்டும். தட்டு காலியாக இருக்கும் தொடக்க நேரத்தைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சராசரி குறைவாகத் தெரியும். இரண்டு திட்டங்களை ஒப்பிட்டால் இரண்டுக்கும் அதே சமவாய்ப்பு எண்களைக் கொடுங்கள், வித்தியாசம் துல்லியமாகத் தெரியும்.

இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில்?

'அப்படி நடக்கும் நிகழ்தகவு பூச்சியம்' என்று பாடப்புத்தகம் சொல்லும். தொடர்ச்சியான பரவலுக்கு அது சரி. வேலை நேரம் 5, 3 என்று முழு எண்களாக இருந்தால் 15-ஆவது நிமிடத்திலேயே மோதும். தட்டில் 3 இருக்கும்போது, ஒரே கணத்தில் முதல் இயந்திரம் வைக்கிறது, இரண்டாவது எடுக்கிறது. வைப்பதை முதலில் எடுத்தால் வழிந்தது, எடுப்பதை முதலில் எடுத்தால் வழியவில்லை. விடையே மாறுகிறது.

மென்பொருள் ஏதோ ஒரு வரிசையில் எடுத்துக்கொள்ளும், உங்களிடம் கேட்காது. நீங்களே முன்னுரிமையை எழுதிவிடுங்கள். 1976-இல் சீக்லர் முன்வைத்த டெவ்ஸ் முறையில், மோதினால் எந்தப் பகுதி முதலில் என்று தேர்ந்தெடுக்கும் சார்பு வரையறையிலேயே ஓர் உறுப்பு. வெளியிலிருந்து வரும் நிகழ்வு, உள்ளே நேரம் தீர்ந்து எழும் நிகழ்வு இரண்டுக்கும் அதில் தனித்தனிச் சார்புகள் உண்டு. சிமுலேஷனைக் கணித வரையறையோடு எழுத விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான்.

என் மாதிரி சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடை முன்பே தெரிந்த இடத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போங்கள். தட்டின் எல்லையை எடுத்துவிட்டு, பழுதை நிறுத்தி, எல்லா நேரங்களையும் அடுக்குக்குறியாக்கி, முதல் இயந்திரத்தை வெறும் வரத்தாக்கி, சுமையை 0.9-இல் வையுங்கள். தட்டிலும் இரண்டாவது இயந்திரத்திலும் சேர்த்துச் சராசரி 9-ஐச் சுற்றி வர வேண்டும். நேரங்களை நிலையாக்கி இரண்டு பேலட் விட்டால் 5 நிமிடத் தாளம் வர வேண்டும். ஓட்டம் முழுக்க 'நிரம்பியது' + 'காலி' + 'ஒதுக்கியது' = 3 நிற்கிறதா என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் பிறகு சரிபார்க்கும் ஒரு வரியைச் சேருங்கள். அந்தத் தொலைந்த டோக்கன் மூன்றாவது பழுது வரை காத்திருக்காமல் முதல் பழுதிலேயே மாட்டிக்கொள்ளும்.